காத்திவாக்கம் ஜெகதீசனுக்குப் புரியவில்லை

நாலாயிரத்து முந்நூறு பேர் பாராட்டியிருந்த வீடியோவின் அடியில், ஒரே ஒரு ஆள் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "அண்ணே, நீ பேசறது ஒண்ணும் புரியல."

செங்குட்டுவன் அதைப் படித்து மூன்று நாளாகிறது. அந்த மூன்று நாளும் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய சைக்கிள் கடையில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. பிரேக் கட்டை மாற்றச் சொன்னவருக்குப் புது மணி மாட்டிக் கொடுத்தார். பஞ்சர் பார்க்கச் சொன்னவருக்குச் செயினில் எண்ணெய் விட்டு அனுப்பினார். அந்த ஆள் ரயில்வே கேட் வரை போய்விட்டுத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

"இன்னாய்யா, மூணு நாளா பேயறைஞ்ச மாதிரி குந்திகினு கீற?" என்றாள் மங்கம்மா. அவருடைய மனைவி. அவருடைய வீடியோக்களுக்குக் கேமரா பிடிப்பதும் அவள்தான்.

செங்குட்டுவன் போனை நீட்டினார். மங்கம்மா படித்தாள்.

"நாலாயிரம் பேரு நல்லா கீதுன்றான். ஒர்த்தன் புரியலன்றான். வுடுவியா!"

"எப்டி வுட்றது? பேரைப் பாத்தியா? காத்திவாக்கம் ஜெகதீசன். மலேசியாக்காரன் புரியலன்னா சரி, போறான். யாழ்ப்பாணத்துக்காரன் புரியலன்னாலும் சரி. இங்க கீற காத்திவாக்கத்துக்காரனுக்கே புரியலன்னா, நான் அப்ப இன்னா பாஷதான் பேசறேன்?"

மங்கம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

செங்குட்டுவனுக்கு வேலை செய்யும்போது சைக்கிளோடு பேசும் பழக்கம் உண்டு. "இன்னா கண்ணு, ரிம்மு இப்டி கோணிகினு கீது? எவன் மேல போய் வுட்ட? இரு, ஒரு ஸ்போக்ச இழுத்தா டான்ஸ நிறுத்திருவ" என்று சக்கரத்தின் மேல் குனிந்து கொஞ்சிக்கொண்டேதான் கோட்டம் எடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மங்கம்மா அதைப் போனில் பிடித்துத் தன் அக்காவுக்குச் சிரிப்பதற்காக அனுப்பினாள். அக்கா ஊருக்கே அனுப்பினாள். அப்படிப் பிறந்ததுதான் 'குட்டு அண்ணன் சைக்கிள் கடை' என்ற சேனல். இப்போது மலேசியாவில் ஈப்போவில் ஒருவர் குட்டு அண்ணனைப் பார்த்துச் சக்கரத்துக்குப் பால்ரஸ் மாற்றுகிறார். துபாயில் ஒருவர் பிரேக் கம்பி மாட்டுகிறார். தெரிந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கிறாரே என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள்.

ஆனால் பாஷை விஷயத்தில் செங்குட்டுவனுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. இருபது வயதில், ஊரின் அந்தக் கோடியில் ஒரு பெரிய சைக்கிள் ஷோரூமுக்கு வேலை கேட்டுப் போனார். "சைக்கிளுக்கு இன்னா ஆச்சுன்னு சத்தத்த வெச்சே சொல்லிருவேன் சார், நம்ம கையில அல்லாம் பயிகி கீது" என்றார். மேனேஜர் அப்புறம் அவரிடம் சைக்கிளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. பழகியிருக்கிறது என்பதற்கு அவர் சொன்ன "பயிகி கீது" என்பதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்களையும் கேட்க வைத்தார்.

அன்றைக்குச் சிரித்தவர்களின் முகமெல்லாம் ஒன்று சேர்ந்து இப்போது ஜெகதீசன் என்ற பெயரில் வந்து நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

"வேகமா பேசறேன் போல. நிறுத்தி பேசணும்" என்று முடிவு செய்தார்.

அடுத்த வீடியோ, பஞ்சர் ஒட்டுவது எப்படி. ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். "மொதல்ல... டியூப... வெளிய... எடு... நைனா." டியூப் வெளியே வருவதற்கே பதினோரு நிமிஷம் ஆயிற்று. "இப்போ... சொலூஷன்... தடவிட்டு..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சொலூஷன் காய்ந்து உதிர்ந்துவிட்டது. மறுபடி தடவினார். அதுவும் காய்ந்தது. மங்கம்மாவுக்குக் கை வலித்து, போன் மெல்லச் சாய்ந்து, கடைசி கால் மணி நேரம் அவருடைய முழங்கால் மட்டும் தெரிந்தது.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஈப்போக்காரர் கேட்டிருந்தார். துபாய்க்காரர் சத்துமாவு சாப்பிடச் சொல்லியிருந்தார்.

காத்திவாக்கம் ஜெகதீசன் எழுதியிருந்தார்: "அண்ணே, இன்னும் புரியல."

"பாத்தியா! ரொம்ப தீவிரமா கீறான்!" என்றார் செங்குட்டுவன்.

"அவனத் தூக்கி வெளிய போடறதுக்கு ஒரு பட்டன் கீது. அமுக்கட்டா?"

"வேணாம். அமுக்கினா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

மறுநாள் டோரதி டீச்சர் தன் லேடீஸ் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார். ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. காய்கறிக்காரரிடம் கூட "கத்தரிக்காய் என்ன விலை" என்று க்-கை அழுத்திச் சொல்லி வாங்குபவர். பையன்கள் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிச் சந்துக்குள் போய்விடுவார்கள்.

செங்குட்டுவன் பம்பை வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார்.

"டீச்சர், எனக்கு நல்ல தமிழு கத்துக் குடுக்கணும்."

டீச்சரின் கண்கள் பளபளத்தன. முப்பது வருஷமாக வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தியும், தானாக வந்து இப்படிக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"முதலில், அது தமிழு இல்லை செங்குட்டுவன். தமிழ்."

"தமிள்."

"நாக்கை மடியுங்கள். தமிழ்."

"தமில்."

"பரவாயில்லை. மற்றதைப் பார்ப்போம்."

ஒரே வாரத்தில் டீச்சர் ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்துவிட்டார். டியூப் என்றால் உட்குழாய். ஸ்போக்ஸ் என்றால் ஆரக்கால். பிரேக் என்றால் தடுப்பான். செயின் என்றால் சங்கிலி. ஃப்ரீவீலுக்கு மட்டும் டீச்சர் இரண்டு இரவு யோசித்து, கடைசியில் 'தன்போக்குச் சக்கரம்' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தானே அதைப் பலமுறை சொல்லிப் பார்த்து மகிழ்ந்தார்.

வீடியோ எடுத்தார்கள். செங்குட்டுவனுக்குக் கிட்டப் பார்வையில் கொஞ்சம் கோளாறு. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதாகத் தெரியுமே என்று போடமாட்டார். அதனால் நோட்டைக் கை நீட்டி முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையாலேயே வேலை செய்தார்.

"வணக்கம். இன்று நாம் மிதிவண்டியின் உட்குழாயில் உண்டான துளையினை அடைப்பது எங்ஙனம் என்று காண்போம். முதற்கண், தடுப்பானைத் தளர்த்துக."

"யார்யா தளர்த்துறது? நானா?" என்றாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து மங்கம்மா.

"நீ கம்முனு இரு. அது பொதுவா சொல்றது."

பாஷை வீடியோவோடு நிற்கவில்லை. டீச்சர் சொன்னார், வாய் பழக வேண்டுமென்றால் நாள் முழுக்கப் பேச வேண்டுமாம். எனவே காசிமேட்டிலிருந்து மீன் கூடை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பழைய வாடிக்கையாளரை, செங்குட்டுவன் எழுந்து நின்று வரவேற்றார்.

"வருக. தங்கள் மிதிவண்டிக்கு யாது குறை?"

அந்த மனிதர் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். செங்குட்டுவனைப் பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லி, காற்றே இல்லாத டயரோடு வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மாலைக்குள் தேரடி முழுக்கச் செய்தி பரவியது. குட்டு அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது. தலையில் ஏதாவது விழுந்திருக்கலாம். யாரோ ஒரு அம்மாள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சுற்றிப் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

"மங்கம்மா, உணவு ஆயத்தமா?"

"இன்னொரு தபா அப்டி கேட்டே, கரண்டியாலயே ஆயத்தம் பண்ணுவேன்."

இத்தனையும் பொறுத்துக்கொண்டு வெளியிட்ட வீடியோவுக்கு ஈப்போக்காரர், "அண்ணன் நியூஸ் வாசிக்கப் போய்ட்டாரா? பழைய அண்ணன் எப்போ வருவார்?" என்று கேட்டிருந்தார். துபாய்க்காரர் ஆரக்கால் என்றால் என்ன சைஸில் கிடைக்கும், கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். சேனலை விட்டு ஒரே வாரத்தில் எழுநூறு பேர் போய்விட்டார்கள்.

காத்திவாக்கம் ஜெகதீசன் போகவில்லை. எழுதியிருந்தார்: "அண்ணே, முன்னாடி பத்துக்கு நாலு புரிஞ்சுது. இப்ப அதுவும் போச்சு."

செங்குட்டுவன் பெஞ்சில் உட்கார்ந்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நம்ம பாஷ பேசினா அவனுக்குப் புரியல. நல்ல பாஷ பேசினாலும் புரியல. இனிமே நான் இன்னாதான் பேசறது மங்கம்மா? வாய தெறக்கவே பயமா கீது."

மங்கம்மா சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். இந்த மனிதர் வேலை செய்யும்போது பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. அன்று மாலை அவர் ஒரு சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்தபோது கடையில் சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதனால் அவளே போய் ரஷீதை அழைத்து வந்தாள். ரஷீது எதிர்ச்சாரியில் செல்போன் கடை வைத்திருப்பவர். வீடியோவை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மருத்துவர் மாதிரி தலையாட்டினார்.

"பாஷ இல்லண்ணே பிரச்சன. சவுண்டு. பின்னாடி கன்டெய்னர் லாரி போவுது, ஹாரன் அடிக்கிறான், நடுவுல உன் கொரலு கெணத்துக்குள்ளேர்ந்து வருது. எந்த மனுசனுக்குப் புரியும்?"

செங்குட்டுவனின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அப்போ என் பாஷ மேல தப்பு இல்ல?"

"தங்கமான பாஷண்ணே. மைக்குதான் வேணும்."

ரஷீது கொடுத்த மைக் உரித்த தேங்காய் அளவு இருந்தது. மேலே சிவப்பு நிறப் பஞ்சு உறை. "வாய்க்கு எவ்ளோ கிட்ட வெக்கிறியோ அவ்ளோ சுத்தமா வரும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கையாலும் வேலை செய்ய வேண்டுமே! செங்குட்டுவன் ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்து, பழைய சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்றை மார்பில் டியூபால் கட்டி, அதன் நடுவில் மைக்கை இறுக்கினார். அது அவருடைய உதட்டில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. பார்ப்பதற்கு, யாரோ அவர்மேல் ஏறி ஓட்டிக்கொண்டு போகப் போவதுபோல் இருந்தது.

"இப்போ பாரு நைனா" என்று ஆரம்பித்தார். பழைய பாஷை. 'ப' வரும்போதெல்லாம் போனில் வெடி வெடித்தது. நடுவில் கொஞ்சம் பஞ்சு வாய்க்குள் போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாகப் பேசினார். பெடல் கழற்றினார், கொஞ்சினார், திட்டினார், பாட்டு கூடப் பாடினார்.

ஈப்போக்காரர், "அண்ணன் வந்துட்டாரு!" என்று ஒன்பது கைதட்டல் போட்டார். போன எழுநூறு பேரில் முந்நூறு பேர் அன்றைக்கே திரும்பி வந்தார்கள்.

செங்குட்டுவன் யாருடைய கமெண்டையும் படிக்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போய் அந்த ஒரு பெயரில் நின்றார்.

"அண்ணே, இப்ப சுத்தமா ஒண்ணுமே புரியல. எதுக்குண்ணே இப்டி பண்ற?"

செங்குட்டுவன் மார்பிலிருந்த ஹேண்டில்பாரைக் கழற்றி மூலையில் எறிந்தார். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

"எங்கய்யா?"

"காத்திவாக்கம்."

"இரு, நானும் வரேன். நீ அவன அடிச்சா நான் பாக்கணும், அவன் உன்ன அடிச்சா நான் தடுக்கணும்."

மத்தியான வெயிலில், வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளின் ஓரமாகவே இருவரும் போனார்கள். மங்கம்மா கேரியரில் உட்கார்ந்திருந்தாள். எர்ணாவூர் தாண்டும்வரை செங்குட்டுவன் திட்டுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தார்.

"அறிவிலியே! என் பொறுமையினைச் சோதிக்கின்றாயா?"

"கலீஜா கீது" என்றாள் மங்கம்மா பின்னாலிருந்து. "திட்டறதையாவது நம்ம பாஷைல திட்டு. அப்பதான் நெஞ்சுல போய் ஒட்டும்."

கடற்கழி ஓரத்துக் குப்பத்தில் ஒரு டீக்கடையில் கேட்டார்கள். "எறா புடிக்கிற ஜெகதீசனா? அந்தப் பச்ச கதவு வூடு" என்று கை காட்டினார்கள். வாசலில் ஒல்லியாக, நரைத்த கிராப்போடு ஒருவர் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள். செங்குட்டுவனின் கண் தன்னையறியாமல் முதலில் அதன் மேல்தான் போயிற்று. துரு பிடித்த வண்டி. ஆனால் செயின் சரியான இழுப்பில் இருந்தது. ஸ்போக்ஸ் ஒன்று கூடத் தளரவில்லை. பிரேக் கட்டை இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. யாரோ அதைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

வலைக்காரர் நிமிர்ந்தார். ஒரு நொடி திகைத்தார். வலை மடியிலிருந்து நழுவியது.

"அண்ணே! குட்டு அண்ணே! நீயா! என் வூட்டுக்கா!"

ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இது செங்குட்டுவன் எதிர்பார்க்காதது. ஆனால் ஏழு கிலோமீட்டர் மிதித்து வந்த கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுமா? கையை உதறிக்கொண்டு, அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஆரம்பித்தார்.

"இன்னாய்யா நெனச்சிகினு கீற நீ? புரியல புரியலன்னு ஒரு மாசமா என்ன பேஜாரு பண்ணிகினு கீற! உனுக்காக நிறுத்தி பேசினேன், சொலூஷன் காஞ்சி பூட்ச்சு. உனுக்காக டீச்சரம்மா கிட்ட போய் நாக்க மடிச்சேன், எழுநூறு பேரு எழுந்து பூட்டான். உனுக்காக மைக்க வாங்கி பஞ்ச முழுங்கினேன், இன்னும் தொண்டைல கீது! ஈப்போல கீறவனுக்குப் புரியுது, துபாய்ல கீறவனுக்குப் புரியுது, ஒரே ரோட்டுல கீற உனுக்கு மட்டும் இன்னாய்யா புரியல? என் பாஷ உனுக்கு அவ்ளோ மட்டமா? சொல்லுய்யா! நான் இப்ப பேசறதாவது புரியுதா, இதுவும் புரியலியா?"

மூச்சு வாங்கியது. பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. மங்கம்மா எதற்கும் இருக்கட்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஜெகதீசன் கண் கொட்டாமல் செங்குட்டுவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வாயெல்லாம் சிரிப்பு.

"புரியுதுண்ணே!" என்று கத்தினார். "அல்லாம் புரியுது! ஒரு வார்த்த வுடாம புரியுது! சொலூஷன் காஞ்சிது, டீச்சரம்மா நாக்க மடிக்கச் சொல்லிச்சு, பஞ்சு தொண்டைல கீது! அல்லாம் புரிஞ்சிது! இன்னும் திட்டுண்ணே, நல்லா கீது!"

செங்குட்டுவன் மங்கம்மாவைப் பார்த்தார். மங்கம்மா செங்குட்டுவனைப் பார்த்தாள்.

"யோவ்," என்றார் செங்குட்டுவன் குரல் தளர்ந்து, "இதே பாஷதான்யா வீடியோலயும் பேசறேன். அது புரியாதாம், இது புரியுதாம்?"

ஜெகதீசன் சந்தோஷத்தில் சைக்கிளைக் காட்டத் திரும்பிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. "இந்தக் கோட்டம் நானே எடுத்தேண்ணே, உன் கையப் பாத்தே கத்துகினேன்" என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது ஆடாமல், நேர்கோடாகச் சுழன்றது.

உள்ளேயிருந்து அவருடைய மகள் சினேகா இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். செங்குட்டுவன் திறந்த வாய் மூடாமல் நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பாவுக்கு எட்டு வருசமா காது கேக்காது அங்கிள், பேசறவங்க உதட்டப் பாத்துதான் புரிஞ்சிக்கும், உங்க வீடியோல உங்க வாய்தான் சரியா தெரியறதே இல்ல."